எந்த ராகம் எந்த நோய்க்கு? பாட்டும் சிகிச்சையும் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பினாங்கில் பிசியோதெரபிஸ்டாக இருபது வருடத்துக்கு மேல் வேலை பார்க்கிறேன். சின்ன வயதில் கோயிலில் உறுமி அடித்தவன், பிறகு ஓரளவு மிருதங்கம் கற்றவன். இந்த இரண்டும் ஒரே ஆளிடம் இருப்பதால் ஸ்ட்ரோக் (பக்கவாதம்) வந்தவர்களின் பிள்ளைகள், நினைவு தப்பிய பெற்றோரை வைத்துப் பார்ப்பவர்கள், ஏன், வார்டில் என்னோடு வேலை செய்யும் தாதிகள்கூட ஒரே மாதிரிக் கேள்விகளைக் கேட்கிறார்கள். வாட்சாப்பில் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகக் குரல்பதிவு அனுப்பி அலுத்துவிட்டது. அதனால் எல்லாவற்றையும் இங்கே எழுதி வைக்கிறேன். டாக்டர் கொடுத்த மருந்தை இதை வைத்து யாரும் கூட்டவோ குறைக்கவோ வேண்டாம்.

எந்த ராகம் எந்த நோய்க்கு நல்லது?

முதல் கேள்வி எப்போதும் இதுதான். வாட்சாப்பில் ஒரு பட்டியல் ஓயாமல் சுற்றுகிறது: இரத்தக் கொதிப்புக்கு ஆனந்தபைரவி, தலைவலிக்கு ஒன்று, சர்க்கரைக்கு ஒன்று. அதை நம்பி மாத்திரையை நிறுத்திய ஒருவரை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். அதனால் கொஞ்சம் காரமாகவே சொல்கிறேன்: ராகத்தையும் நோயையும் கோடு போட்டு இணைத்து மருந்துச் சீட்டு மாதிரி எழுதிக் கொடுக்கும் அளவுக்கு ஆதாரம் கிடையாது.

மோகன ராகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். புல்லாங்குழலில் நிமிடத்துக்கு 60 தட்டு வேகத்தில் நிதானமாக வாசித்தால் கண் சொக்கும். அதே மோகனத்தைத் தவிலும் நாதஸ்வரமும் 140 தட்டில் வாசிக்கட்டும், கல்யாண மண்டபத்தில் பந்தி பரிமாறுகிறவர் காலுக்கும் வேகம் வந்துவிடும். ஐந்து ஸ்வரமும் அதேதான். மாறியவை வேகம், வாத்தியம், ஒலியளவு, தாளத்தின் அழுத்தம். உடம்பு முதலில் பிடித்துக்கொள்வது இவற்றைத்தான்.

ஆகவே கேள்வியைத் திருப்பிப் போடுங்கள். இந்த நேரத்தில் இந்த உடம்பு என்ன செய்ய வேண்டும்? நடக்கவா, தூங்கவா, பேசவா, பயம் அடங்கவா? அது தெரிந்தால் எந்த மாதிரிப் பாட்டு என்பது பாதி முடிவாகிவிடும். மீதிப் பாதியை நோயாளியிடம்தான் கேட்க வேண்டும்.

அப்படியானால் நம் முன்னோர் சொன்னதெல்லாம் பொய்யா?

பொய் என்று நான் எங்கே சொன்னேன்? புறநானூற்றின் 281ஆம் பாட்டில் போரில் புண்பட்டுக் கிடக்கும் வீரனுடைய வீட்டைக் காட்டுகிறார் அரிசில் கிழார். வீட்டில் வேப்பிலை செருகி, யாழும் மற்ற வாத்தியங்களும் ஒலிக்க, வெண்கடுகு தூவி, ஆம்பல் குழல் ஊதி, மணி அடித்து, காஞ்சிப் பண் பாடி அவனைக் காப்போம் வா என்று அவன் மனைவி தோழியைக் கூப்பிடுகிறாள். இரவு முழுக்க வலியோடு கிடப்பவனைத் தனியாக விடவில்லை, அவனைச் சுற்றித் தெரிந்த குரல்கள் இருந்தன என்றுதான் நான் இதைப் படிக்கிறேன். அதற்குப் பலன் இருந்திருக்கும் என்பதை வார்டில் இரவு வேலை பார்த்த எவரும் ஒத்துக்கொள்வார்கள்.

நீலாம்பரி ராகம் கேட்டால் தூக்கம் வரும் என்பதிலும் ஒரு நியாயம் உண்டு. தொட்டிலில் கேட்டது, கோயிலில் பள்ளியறை சாத்தும்போது கேட்டது, எப்போதும் மெதுவாகவே கேட்டது. பல வருடப் பழக்கத்தில் அந்தச் சாயல் கேட்டதும் உடம்பு தளர்கிறது. அந்தப் பழக்கமே இல்லாத ஒரு சீன ஆச்சிக்கு அதே நீலாம்பரி ஏதோ ஓர் இந்தியப் பாட்டு, அவ்வளவுதான்.

சரி, ஒரு பாட்டில் எதையெதைப் பார்க்க வேண்டும்?

வேகம் முதலில். அதற்கு ஒரு கருவியும் வேண்டாம்; பாட்டோடு சேர்ந்து 15 வினாடி கை தட்டி, எண்ணிக்கையை நான்கால் பெருக்கினால் நிமிடத்துக்கு எத்தனை தட்டு என்று வந்துவிடும். அடுத்து தட்டு தெளிவாகக் கேட்கிறதா, மறைந்து ஓடுகிறதா. பிறகு ஒலியளவு, அது திடீரென்று ஏறுகிறதா. குரலும் வாத்தியமும் எவ்வளவு உச்சத்தில் போகின்றன என்பதும் முக்கியம், ஏனென்றால் வயதானவர்களுக்கு முதலில் கேட்காமல் போவது மேல் ஸ்தாயி. கேட்காததால் நாம் சத்தத்தைக் கூட்டுகிறோம், கூட்டியதும் அவர்களுக்கு அது காதைக் குத்துகிறது. பாட்டில் வார்த்தை உண்டா என்று பாருங்கள். வார்த்தை இருந்தால் மனசு அதன் பின்னால் போகும், சில நேரம் அதுதான் தேவை, சில நேரம் கெடுதல். கடைசியாக, தெரிந்த பாட்டா என்பது. இதற்குத்தான் நான் அதிக மதிப்பெண் கொடுப்பேன், நடைப்பயிற்சி ஒன்றைத் தவிர.

இத்தாலியில் பாவியா பல்கலைக்கழகத்தின் லூச்சியானோ பெர்னார்டியும் அவர் குழுவும் 2006இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். 24 பேருக்கு ஆறு வகை இசை. அதில் மெதுவான இந்திய ராகமும் இருந்தது, ராப்பும் டெக்னோவும் இருந்தன. வேகம் கூடக்கூட மூச்சு வேகம், இதயத் துடிப்பு, இரத்த அழுத்தம் எல்லாம் ஏறின. என்ன பாணி, கேட்பவருக்கு என்ன பிடிக்கும் என்பதைவிட வேகமே பெரிதாக வேலை செய்தது. எனக்கு அதில் பிடித்தது வேறு. நடுவில் இரண்டு நிமிடம் இசையை நிறுத்தியபோது உடம்பு ஆரம்பத்தில் இருந்ததைவிடக் கூடுதலாகத் தளர்ந்தது. அதனால்தான் நாள் முழுக்க வானொலியை ஓடவிடும் வீடுகளைப் பார்த்தால் எனக்குக் கை துறுதுறுக்கும். பாட்டு வேலை செய்ய வேண்டுமென்றால் அது நிற்கவும் வேண்டும்.

அப்பாவுக்கு பார்க்கின்சன். நடக்கும்போது கால் தரையில் ஒட்டிக்கொள்கிறது. பாட்டு உதவுமா?

இந்தப் பக்கத்தில் நான் தயங்காமல் ஆம் என்று சொல்லும் பதில் இது. பார்க்கின்சனில், அசைவுக்கு உள்ளிருந்து நேரம் குறித்துக் கொடுக்கும் மூளைப் பகுதி தடுமாறுகிறது. உள்ளே இருக்கும் தாளக்காரர் விட்டு விட்டு அடிக்கிறார் என்று வையுங்கள். வெளியிலிருந்து சீரான தட்டு வந்தால் அடுத்த தட்டு எப்போது விழும் என்று முன்கூட்டியே தெரிந்துவிடுகிறது, கால் அதற்குத் தயாராகிவிடுகிறது. அமெரிக்காவில் கொலராடோவில் இருந்த மைக்கேல் தாவுட் இதை முறையாகப் படித்தார். 1996இல் அவர் குழு வெளியிட்ட ஆய்வில், மூன்று வாரம் தினமும் அரை மணி நேரம் தட்டோடு நடந்து பழகிய பார்க்கின்சன் நோயாளிகளின் நடை வேகம் சுமார் 25 சதவீதம் கூடியது. ஸ்ட்ரோக்கில் ஒரு பக்கம் பலவீனமானவர்களுக்கும் இதே முறையைப் பயன்படுத்துகிறோம்.

செய்யும் விதம் இப்படி. பாட்டு எதுவும் இல்லாமல் அப்பாவை ஒரு நிமிடம் தன் போக்கில் நடக்கச் சொல்லுங்கள். இரண்டு காலையும் சேர்த்து, தரையில் படும் ஒவ்வொரு அடியையும் எண்ணுங்கள். 64 வந்தது என்று வைத்துக்கொள்வோம். கைப்பேசியில் இலவச மெட்ரோனோம் (சீராகத் தட்டு ஒலிக்கும்) செயலியை இறக்கி 64இல் வையுங்கள். உடனே நடக்கச் சொல்லாதீர்கள். முதலில் நாற்காலியில் உட்கார்ந்து அந்தத் தட்டுக்குத் தொடையில் கை தட்டட்டும், பிறகு இருந்த இடத்திலேயே கால் மாற்றி மிதிக்கட்டும், அதற்குப் பிறகு நடக்கட்டும். அடியும் தட்டும் சேர்ந்து விழப் பழகிய பின் 5 சதவீதம் கூட்டி 67. அதுவும் நின்றால் 70. தொடக்கத்தில் இருந்த வேகத்தைவிட 10 சதவீதத்துக்கு மேல் ஒரே தாவாகத் தாண்ட வேண்டாம். கடைசியில் சத்தத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து நிறுத்துங்கள். சத்தம் நின்ற பிறகும் அந்த வேகம் காலில் தங்கினால் பயிற்சி வேலை செய்கிறது என்று அர்த்தம்.

இதை ஏன் இவ்வளவு இழுத்துச் சொல்கிறேன் என்றால், ஆரம்ப காலத்தில் நானே தப்பு செய்திருக்கிறேன். ஒரு தாத்தாவுக்குப் பிடித்த பாட்டு என்று அளக்காமல் போட்டுவிட்டேன். நல்ல துள்ளல் பாட்டு. அவர் முகம் மலர்ந்தது, கால் பின்னிக்கொண்டது. இடுப்பில் பெல்ட் கட்டிப் பிடித்திருந்ததால் விழவில்லை. பாட்டு பிடித்திருப்பது வேறு, அந்தப் பாட்டுக்குக் கால் ஈடுகொடுப்பது வேறு. மேலே நடைப்பயிற்சியைத் தவிர என்று சொன்னது இதற்காகத்தான்.

எந்தத் தாளத்தில் இருக்க வேண்டும்?

இரண்டும் நான்கும் எட்டுமாகப் பிரியும் தாளம். ஆதி தாளம் அழகாகப் பொருந்தும், பழைய எம்.ஜி.ஆர். படப் பாட்டுகளில் பாதி பொருந்தும். நமக்கு இருப்பது இரண்டு கால். நான்கில் முதல் தட்டு வலது காலில் விழுந்தால் கடைசி வரை வலது காலிலேயே விழும். பலவீனமான கால் எது என்று பார்த்து, அந்தக் காலுக்கு முதல் தட்டு வரும்படி தொடங்கி வைப்பேன். மிஸ்ர சாப்பு தாளத்தில் ஏழு தட்டு. ஒரு சுற்றில் வலது காலில் விழுந்த முதல் தட்டு அடுத்த சுற்றில் இடது காலுக்குப் போய்விடும். ஐந்து தட்டுள்ள கண்ட சாப்பிலும் அதே கதை. கேட்க இனிமையானவைதான், நடைக்கு வேண்டாம்.

தாளத்தில் நாம் சதுஸ்ர நடை (நான்கு நான்காக), திஸ்ர நடை (மூன்று மூன்றாக) என்று சொல்கிறோமே, அந்த 'நடை' என்ற பெயரை வைத்தவர் காலை நினைத்துத்தான் வைத்திருப்பார் என்பது என் சொந்தக் கணக்கு. காவடி தூக்கி மலை ஏறுகிறவர்கள் சிந்து பாடிக்கொண்டு போனதும் சும்மா இல்லை.

உறுமி மேளம் போடலாமா? அப்பாவுக்கு அதுதான் உயிர்.

என் உயிரும் அதுதான், ஆனாலும் நடைக்கு வேண்டாம். தைப்பூசத்தன்று தண்ணீர்மலைப் பக்கம் நின்று கேட்டவர்களுக்குத் தெரியும்: உறுமி ஒரே வேகத்தில் நிற்காது, ஏறிக்கொண்டே போகும். ஆளை அருள் நிலைக்குக் கொண்டுபோவதற்காகவே அப்படி அடிக்கிறோம். தோலைத் தேய்த்து எழுப்பும் அந்த உறுமல் பதற்றமானவரை இன்னும் பதறவைக்கும். உட்கார்ந்தபடி கை கால் அசைக்கும் உடற்பயிற்சிக்கு, ஒலியைக் குறைத்து, ஐந்து நிமிடம் போடுங்கள். ஆள் சிரித்தால் போதும்.

ஸ்ட்ரோக்குக்குப் பிறகு அம்மாவுக்குப் பேச்சு வரவில்லை. ஆனால் தேவாரத்தை முழுசாகப் பாடுகிறார். எப்படி?

பேச்சை உண்டாக்கும் பகுதி பெரும்பாலானவர்களுக்கு மூளையின் இடது பக்கம். மெட்டையும் மனப்பாடமான பாட்டையும் வலது பக்கமும் தாங்குகிறது. அதனால் ஒரு வார்த்தை கேட்டால் திக்குகிறவர் பாட்டென்றால் வரி வரியாகப் பாடுவார். பார்க்கிறவர்கள் அழுதுவிடுவார்கள். ஆனால் தேவாரத்தைத் தினமும் பாடவிட்டால் மட்டும் "தண்ணி வேணும்" என்ற சொல் வந்துவிடாது. மனப்பாடமாக ஓடுவது ஒன்று, தேவையானதைத் தேடி எடுத்துச் சொல்வது இன்னொன்று.

அந்தப் பாலத்தைக் கட்டுவதற்கு ஒரு முறை இருக்கிறது. 1973இல் பாஸ்டனில் ஆல்பர்ட், ஸ்பார்க்ஸ், ஹெல்ம் என்ற மூவர் வெளியிட்டது. முழுப் பாட்டு கிடையாது, இரண்டே சுருதி. ஒன்று 'ஸ' (ஸட்ஜம்) என்றால் மற்றது ஏறக்குறைய அதற்கு மேலுள்ள 'க' (சாதாரண காந்தாரம்). என்னோடு வேலை பார்க்கும் பேச்சுப் பயிற்சியாளர் தமிழுக்கு அதை எப்படிச் செய்கிறார் என்று பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறேன். நோயாளியின் இடது கையைத் தன் கையில் பிடித்துக்கொள்வார். "தண்-ணி வே-ணும்." அசைக்கு ஒரு தட்டு, மேசை மேல் மெல்ல. 'வே' என்ற நெடிலுக்கு மேல் சுருதி, மற்றவை கீழே. முதலில் பயிற்சியாளர் வாயை மூடி முனகுவார். பிறகு இருவரும் சேர்ந்து. பிறகு அவர் பாதியில் குரலை இறக்கிக்கொள்ள, நோயாளி தனியாக முடிக்க வேண்டும். அதுவும் வந்தால் கேள்வி: "என்ன வேணும்?" பதில் அதே இரண்டு சுருதியில் வரும். பல வாரம் கழித்து சுருதியை எடுத்துவிட்டு வெறும் பேச்சாக மாற்றுவார்கள்.

புரிந்துகொள்ளும் திறன் ஓரளவு இருந்து, பேச்சு மட்டும் வெளியே வராமல் அடைபட்டவர்களுக்கே இது பொருந்தும். வீட்டில் நீங்களே தொடங்காமல் பேச்சுப் பயிற்சியாளரிடம் காட்டி, எந்தச் சொற்களை எடுக்கலாம் என்று சேர்ந்து முடிவு செய்யுங்கள். 'கக்கூஸ்', 'வலிக்குது', 'போதும்' இந்த மூன்றும் எங்கள் பட்டியலில் எப்போதும் உண்டு. 2011இல் தலையில் சுடப்பட்ட அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினர் கேப்ரியல் கிஃபர்ட்ஸ் பேச்சை மீட்டெடுத்ததில் இசை சிகிச்சைக்குப் பங்கு இருந்தது பலருக்கும் தெரிந்த செய்தி.

பேச்சும் நடையும் சரிதான். சும்மா பாட்டு கேட்டால் ஏதாவது பலன் உண்டா?

உண்டு. பின்லாந்தில் ஸ்ட்ரோக் வந்த 60 பேரை வைத்து நடந்த ஆய்வு 2008இல் வெளியானது. இரண்டு மாதம், தினமும் குறைந்தது ஒரு மணி நேரம், தாங்களே தேர்ந்தெடுத்த இசையைக் கேட்டவர்களுக்குச் சொல் நினைவாற்றலும் கவனமும் மற்றவர்களைவிட நன்றாகத் திரும்பின. மனச்சோர்வும் குறைவாக இருந்தது. தாங்களே தேர்ந்தெடுத்த என்பதை அடிக்கோடு போட்டுப் படியுங்கள். பிள்ளை தேர்ந்தெடுத்த என்று அங்கே இல்லை.

தூக்கம் வரவில்லை. என்ன போடலாம்?

நிமிடத்துக்கு 60 முதல் 80 தட்டு, ஏற்ற இறக்கம் குறைவு, வாத்தியம் குறைவு, வார்த்தை இல்லாமல் இருந்தால் நல்லது. வீணை, புல்லாங்குழல் கீழ் ஸ்தாயி, தம்பூரா சுருதி மட்டும்கூடப் போதும். கச்சேரிப் பதிவு வேண்டாம். தனி ஆவர்த்தனம் (மிருதங்கக்காரரின் தனி வாசிப்பு) முடிந்து கை தட்டுகிற இடத்தில் தூக்கம் கலைந்துவிடும். படுக்கப் போகும் நேரத்தில் அரை மணி முதல் முக்கால் மணி, தானாக நிற்கும்படி டைமர் வைத்து. முதல் நாளே பலன் தேடாதீர்கள், இரண்டு மூன்று வாரம் கொடுங்கள். ஒரே பட்டியலைத் திரும்பத் திரும்பப் போடுங்கள், அந்தச் சலிப்புதான் மருந்து. குறட்டையும் மூச்சுத் திணறலும் இருந்தால் பாட்டை விட்டு டாக்டரைப் பாருங்கள்.

ஆபரேஷனுக்கு முன்னும் பின்னும் கேட்கலாமா?

தாராளமாக. 2015இல் லான்செட் மருத்துவ இதழில் 73 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த கட்டுரை வந்தது: ஆபரேஷனுக்குப் பின் வலி, பதற்றம், வலிமருந்தின் தேவை மூன்றும் இசை கேட்டவர்களுக்குக் குறைந்தன. வலிக்கு நான் பார்ப்பது வேகத்தைவிட விருப்பத்தை. தன் கையில் எதுவுமே இல்லாத நேரத்தில் பாட்டையாவது தானே தேர்ந்தெடுப்பது ஒரு பிடிமானம். மாமாவுக்குக் குத்துப் பாட்டுதான் வலியை மறக்கடிக்கும் என்றால் அதுவே போகட்டும், ஹெட்போனில். ஒரு காதைத் திறந்து வைக்கச் சொல்லுங்கள். தாதி கூப்பிடுவது கேட்க வேண்டும். வலி இருந்தால் வலிக்கிறது என்று சொல்ல வேண்டும், பாட்டைக் கேட்டுக்கொண்டு பல்லைக் கடிக்கக் கூடாது. நம் ஆட்கள் அதில் கெட்டிக்காரர்கள்.

சாயங்காலம் ஆனால் பாட்டி பதறுகிறார், வீட்டுக்குப் போகணும் என்கிறார். அமைதியான பாட்டு போட்டால் இன்னும் கோபப்படுகிறார்.

கொதிக்கிறவரிடம் போய் "அமைதியாக இரு" என்றால் என்ன ஆகும்? அதையேதான் அந்தப் பாட்டும் செய்கிறது. மிச்சிகனில் இருந்த மனநல மருத்துவர் ஐரா ஆல்ட்ஷுலர் 1948இல் எழுதிய வழி இன்றும் எங்களுக்குப் பாடம்: முதலில் ஆள் இருக்கும் இடத்துக்கு இசை போக வேண்டும், பிறகு கையைப் பிடித்து மெல்லக் கூட்டி வர வேண்டும். பாட்டி அறைக்கும் வாசலுக்கும் வேகமாக நடக்கிறாரா, 110 தட்டில் ஒரு பாட்டோடு தொடங்குங்கள், கூடவே நடங்கள். அடுத்தது 95, அடுத்தது 80, அதற்குள் நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். கடைசியாக 65இல் ஒரு தாலாட்டோ பஜனையோ. நான்கு பாட்டு, இருபது நிமிடம்கூட ஆகாது. பதற்றம் தொடங்கும் நேரம் வீட்டுக்கு வீடு வேறு. ஆறு மணிக்கு என்றால் ஐந்தரைக்கே தொடங்கிவிடுங்கள்.

மனச்சோர்வில் இருப்பவருக்கும் இதே வழிதான். எடுத்த எடுப்பில் குதூகலப் பாட்டு போட்டு முகத்தில் அறையாதீர்கள்.

நினைவு மங்கியவருக்கு எந்தக் காலத்துப் பாட்டு?

பத்து வயதிலிருந்து முப்பதுக்குள் கேட்டவை ஆழத்தில் தங்கும். பிறந்த வருடத்தோடு பத்தைக் கூட்டுங்கள், முப்பதைக் கூட்டுங்கள், அந்த இடைவெளியில் தேடுங்கள். 1945இல் பிறந்த ஆயாவுக்கு (பாட்டிக்கு) 1955 முதல் 1975 வரை. ஆனால் கணக்கு மட்டும் போதாது. அவர் எந்தத் தோட்டத்தில் வளர்ந்தார், பால்மரம் (ரப்பர்) வெட்டப் போனாரா, திடலில் திரை கட்டிப் படம் போட்டபோது எதைப் பார்த்தார், வீட்டில் ரேடியோ இருந்ததா, பஜனைக்குப் போனாரா என்று சித்தி பெரியம்மாவிடம் விசாரியுங்கள். ஒரு முதியோர் இல்லத்தில் எதற்கும் அசையாத ஓர் ஆயா, திரைப்பாட்டு அத்தனையும் போட்டுப் பார்த்தாயிற்று, கண்ணே திறக்கவில்லை. அவருடைய தம்பி வந்தபோதுதான் தெரிந்தது, நடவுப் பாட்டும் கும்மியும் பாடித் திரிந்தவராம், சினிமாவே பார்க்காத வீடு. கும்மித் தட்டு கேட்டதும் போர்வைக்கு மேலே இரண்டு கையும் சேர்ந்தன. சத்தமே வராத தட்டு.

பாட்டு கேட்டு அழுகிறார். நிறுத்த வேண்டுமா?

முகத்தைப் பாருங்கள். அழுதுகொண்டே கையைப் பிடித்துக்கொண்டு கதை சொல்கிறார் என்றால் விடுங்கள். உடம்பு விறைத்து, முகம் திரும்பி, மூச்சு வாங்கினால் உடனே நிறுத்துங்கள், அந்தப் பாட்டைக் குறித்து வைத்து இனி போடாதீர்கள். சில கல்யாணப் பாட்டுகளுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று நமக்குத் தெரியாது.

குறைமாதத்தில் பிறந்த குழந்தைக்குப் பாட்டு போடலாமா?

போடுவதைவிடப் பாடுங்கள். அமெரிக்காவில் 11 மருத்துவமனைகளில் 272 குறைமாதக் குழந்தைகளோடு நடந்த ஆய்வு 2013இல் வந்தது. குழந்தையின் மூச்சுக்கும் துடிப்புக்கும் ஏற்ற மெல்லிய ஒலிகள், பெற்றோர் தேர்ந்தெடுத்த தாலாட்டு, எல்லாம் நேரில். இதயத் துடிப்பு, தூக்கம், பால் குடிப்பது ஆகியவற்றில் நல்ல மாற்றம் தெரிந்தது. பெற்றோரின் பயமும் குறைந்தது. அந்த வார்டில் ஒலி 45 டெசிபெலைத் தாண்டக் கூடாது என்பது பரிந்துரை, அதாவது கிசுகிசுப்பதைவிடச் சற்றே கூடுதல். ஆகவே தாதியிடம் கேட்டுவிட்டு, ஆராரோ ஆரிரரோ, உங்கள் குரலில், குழந்தையின் முகத்தைப் பார்த்தபடி. ராகம் தப்பினால் குழந்தை புகார் செய்யாது. கைப்பேசியை இன்குபேட்டர் பக்கத்தில் வைக்காதீர்கள்.

வார்டில் பக்திப் பாட்டு போட்டால் மற்றவர்கள் கோபித்துக்கொள்வார்களா?

ஆறு படுக்கையில் ஒரு மலாய் மக்சிக் (அத்தை), இரண்டு சீன அங்கிள், ஒரு தமிழ் முஸ்லிம் பாய், இரண்டு பேர் நம்மவர்கள். பினாங்கு வார்டு அப்படித்தான் இருக்கும். ஒலிபெருக்கி வேண்டவே வேண்டாம், ஹெட்போன். தமிழர் என்றால் முருகன் பாட்டு என்று முடிவு கட்டாதீர்கள். பாய்க்கு இஸ்லாமியத் தமிழ்ப் பாட்டு, ஆயர் ஈத்தாமிலிருந்து வந்த ஞானசௌந்தரி மாதிரிப் பெயர் கொண்ட அத்தைக்குக் கிறிஸ்தவக் கீர்த்தனை, இன்னொருவருக்குப் பழைய பி. ரம்லீயின் மலாய்ப் பாட்டு. கேட்டால் சொல்லிவிட்டுப் போகிறார்கள்.

இதில் ஆபத்து எதுவும் இல்லையே?

சில உண்டு. குறிப்பிட்ட இசை கேட்டால் வலிப்பு வருகிறவர்கள் மிக அரிதாக இருக்கிறார்கள். ஹெட்போனில் காந்தம் இருப்பதால் பேஸ்மேக்கர் வைத்தவர் அதைக் கழற்றி மார்புப் பையில் போடக் கூடாது, கழுத்தில் தொங்கவிடவும் கூடாது. ஒலியளவில் உலக சுகாதார நிறுவனம் சொல்வது 80 டெசிபெல், வாரம் 40 மணி நேரம். லிட்டில் இந்தியாவில் லெபோ பாசார் கேசட் கடை வாசல் அளவுக்கு வைத்தீர்கள் என்றால் அதைத் தாண்டியிருப்பீர்கள். விழும் அபாயம் உள்ளவரைத் தட்டுக்கு நடக்கவைக்கும்போது பக்கத்தில் ஆள் இல்லாமல் செய்யாதீர்கள்.

இதற்கென்று தனியாகப் படித்தவர்கள் இருக்கிறார்களா? யாரிடம் போவது?

இசை சிகிச்சை தனிப் படிப்பு. அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் 1944இலேயே தொடங்கியது. ஆளை மதிப்பிட்டு, இலக்கு வைத்து, நேரில் வாசித்து, முன்னேற்றத்தை எழுதி வைப்பவர்தான் இசை சிகிச்சையாளர். தாதி ஹெட்போன் மாட்டிவிடுவது நல்ல காரியம், ஆனால் அது வேறு. உங்களுக்கு இசை சிகிச்சையாளர் கிடைக்காவிட்டால் நடைக்கு பிசியோதெரபிஸ்ட், பேச்சுக்குப் பேச்சுப் பயிற்சியாளர். மலேசியாவில் இவர்கள் 2016ஆம் ஆண்டின் 774ஆவது சட்டத்தின் கீழ் பதிவு செய்ய வேண்டியவர்கள், பதிவு இருக்கிறதா என்று கேட்பதில் வெட்கம் வேண்டாம். ஸ்ட்ரோக் என்றால் 1996இல் தொடங்கிய தேசிய ஸ்ட்ரோக் சங்கமான நாசாமுக்குப் பினாங்கிலும் மையம் உண்டு. ராகத்தால் குணமாக்குகிறேன் என்று முன்பணம் கேட்பவரிடம் ஒரே கேள்வி கேளுங்கள்: முன்னேற்றத்தை எதை வைத்து அளப்பீர்கள்?

நாளைக்கே தொடங்க என்ன வாங்க வேண்டும்?

ஒன்றும் வேண்டாம். கைப்பேசி இருக்கிறது, சின்ன ஸ்பீக்கர் ஐம்பது வெள்ளிக்குள் (ரிங்கிட்) கிடைக்கும், அதுகூடக் கட்டாயம் இல்லை. காலையில் பசியாறி ஒரு மணி நேரம் கழித்து, வெயில் ஏறுவதற்குள். பார்க்கின்சன் மருந்து வேலை செய்யும் நேரமாகப் பார்த்துக்கொள்ளுங்கள். ஓர் இலக்கு மட்டும் எடுங்கள், நடை என்றால் நடை மட்டும். அதற்கு ஓர் எண்ணை எழுதி வையுங்கள். ஜெலுத்தோங்கில் ஒரு பிளாட்டில் கணவரைப் பார்த்துக்கொண்ட அம்மா ஒருவர், தினசரிக் காலண்டர் தாளைக் கிழித்து எறியாமல் ஒவ்வொன்றிலும் ராகு காலத்துக்குக் கீழே பென்சிலால் எழுதி, ரப்பர் பேண்ட் போட்டு என்னிடம் கொண்டுவந்தார். 58. 58. 61. மழை, கீழே போகலை. 60. காய்ச்சல். காய்ச்சல். 59. 63. அதற்கு அடுத்த தாளில் எண் இல்லை, "பாட்டு போட மறந்துட்டேன், அவரே நடந்தார்" என்று இருந்தது.